28 என்ற எண்: பாலைவனச் சாலையில் வெடித்த ஒரு டயர்

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி டெல்லியிலிருந்து ஜெய்சல்மேருக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போனபோது வழியில் ஒரு டயர் வெடித்தது. அந்த டயரை அங்கேயே போட்டுவிட்டு வராதே, டிக்கியில் வைத்துக் கொண்டு வா என்றுதான் போனில் முதலில் சொன்னேன். "கிழிஞ்ச டயரை வச்சு என்ன அண்ணா பண்ணப் போறீங்க?" என்றாள். ஐந்தாம் நாள் இரவு, தெற்கு டெல்லி முனிர்காவில் அவள் வீட்டு வாசலில் அந்த டயரை விரித்துப் பார்த்தபோது, கை முழுக்கக் கறுப்பு மாவு ஒட்டியது. ரப்பர் மாவு. டயர் எப்படிச் செத்தது என்பதில் பாதியை அந்த மாவே சொல்லிவிட்டது.

முப்பது வருடமாக வண்டிப் பராமரிப்புதான் என் பிழைப்பு. விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்கக் கூப்பிடுவார்கள். பார்த்து எழுதிக் கொடுப்பேன். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. ஆர்.கே. புரம் மலை மந்திர் வாசலில் வாராவாரம் சந்திக்கும் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாகப் பரவியது. "பொம்பளப் பிள்ளை தனியா பாலைவனத்துல வண்டி ஓட்டிக்கிட்டுப் போனா இப்படித்தான்" என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு தப்பு. அவள் தனியாகப் போனதற்கும் டயர் வெடித்ததற்கும் சம்பந்தமில்லை. பேர் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதனால் இங்கே அவள் 'தங்கை'.

என்னிடம் இருந்தவை: கிழிந்த டயர், அதன் ஜோடி டயர், வழியெல்லாம் அவள் எனக்கு அனுப்பிய ஒன்பது குரல் செய்திகள், நேரத்தோடு பதிவான கொஞ்சம் புகைப்படங்கள்.

கிளம்பியது

2022 ஏப்ரல் கடைசி வாரம். வடமேற்கு இந்தியாவில் 122 வருடத்தில் இப்படி ஒரு ஏப்ரல் வெயில் இருந்ததில்லை என்று வானிலைத் துறை பிறகு கணக்குச் சொன்ன மாதம். ஜெய்சல்மேரில் இரண்டு நாள் மாநாடு, வறண்ட நிலங்களில் மழைநீரைத் தேக்குவது பற்றி. சுற்றுலாக் கூட்டமெல்லாம் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். அப்புறம் ஓட்டல் வாடகை விழுந்துவிடும். நம் ஆட்கள் மாநாட்டுக்குத் தேதி குறிப்பது அப்போதுதான்.

தங்கைக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். ராமநாதபுரத்து ஊருணிகளைப் பற்றித்தான் அவள் கட்டுரை. கொரோனாவுக்குப் பிறகு நேரில் போகும் முதல் மாநாடு. ரயிலில் போயிருக்கலாம், டெல்லியிலிருந்து ஜெய்சல்மேருக்கு நேர் வண்டியே இருக்கிறது. ஆனால் கண்காட்சிப் பலகைகள், புத்தகக் கட்டுகள் என்று அறுபது கிலோவுக்குப் பொருள் இருந்தது. போதாக்குறைக்கு, மாநாடு முடிந்ததும் ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள கடீன்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வேறு. கடீன் என்பது சரிவான பாறை நிலத்துக்குக் கீழே குறுக்காகப் போடும் மண் கரை. பெய்யும் கொஞ்ச மழை ஓடிவந்து கரைக்குள் நின்று மண்ணில் ஊறும். அந்த ஈரத்தை நம்பிக் குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் போடுவார்கள். 15ஆம் நூற்றாண்டில் பாலிவால் பிராமணர்கள் வளர்த்தெடுத்த முறை என்பார்கள். ஜெய்சல்மேரில் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. அதில் கோதுமை விளைவிக்கிறார்கள் என்றால் எனக்கே போய்ப் பார்க்கத் தோன்றியது.

முதல் திட்டத்தில் பிகானேரில் ஒரு இரவுத் தங்கல் இருந்தது. அலுவலகத்தில் ஒரு நாள் இழுத்துவிட்டதால் ஏறக்குறைய 780 கிலோமீட்டரையும் ஒரே நாளில் ஓட்டுவது என்று ஆயிற்று. இதை நான் ஏற்கவில்லை, அவளிடமும் சொன்னேன். ஆனால் களைப்பால் டயர் வெடிக்காது. அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

காலை 4.30க்கு முனிர்கா பக்கத்து பெட்ரோல் பங்க். வெளியே 27 டிகிரி. வண்டி ஏழு வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் டயரின் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. அவளுக்கும் அது தெரியும். ஆனால் முந்தின நாள் மாடி வீட்டு மாமா சொல்லியிருந்தார்: "வெயில்ல காத்து விரியும்மா. அஞ்சு கொறச்சே பிடி. அம்பாசிடர் காலத்துலேர்ந்து நான் அப்படித்தான் ஜெய்ப்பூர் போயிட்டு வரேன்." பங்க் பையனும் அதையே இந்தியில் சொன்னான். இரண்டு பேர், அதுவும் சம்பந்தமில்லாத இரண்டு பேர், ஒரே மாதிரி சொன்னால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். நான்கு சக்கரத்திலும் 28 வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ரேவாரி, நார்னோல், ஜுன்ஜுனூ, பதேபூர். பதேபூர் தாண்டியதும் மரங்கள் குறைந்து மணல் மேடுகள் தொடங்கிவிட்டன என்று ஒரு குரல் செய்தி. 12.40க்கு பிகானேர். ஊருக்கு வெளியே ஒரு பஞ்சர் கடையில் நிறுத்திக் காற்றைப் பார்க்கச் சொல்கிறாள். இந்த இடத்தில் அவள் அனுப்பிய செய்தியை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்: "அண்ணா, 28 வச்சது 35 ஆயிடுச்சு. மாமா சொன்னது சரிதான் போல. திரும்ப 28க்கு இறக்கிட்டாங்க."

சாப்பிட்டுவிட்டு 1.35க்குப் புறப்பட்டாள். கஜ்னேர், கோலாயத் தாண்டி பலோதி போகும் சாலை. பலோதி என்றால் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர். இந்தியாவில் அதற்கு மேல் பதிவானதில்லை. அன்றைக்கு வண்டியின் மீட்டரில் வெளிவெப்பம் 43. வேகம் தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில். பிகானேரிலிருந்து 127 கிலோமீட்டர் ஓடியபின், பாப் என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால், 3.10க்கு, பின்பக்க இடது டயர் போயிற்று.

அந்தப் பத்து விநாடி

முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் இழுக்கும். கை உடனே உணரும். பின் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் சும்மா இருக்கும், வண்டியின் பின்புறம் மட்டும் மீன் வால் மாதிரி ஆடும். பயந்து பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னால் பாய்ந்து, பின்புறம் லேசாகி, வண்டி சுற்றிவிடும். அவள் மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, வேகம் தானாகக் குறைய விட்டு, முப்பதுக்கு வந்த பிறகு ஓரங்கட்டியிருக்கிறாள். எங்கே கற்றாய் என்றேன். "கத்துக்கல அண்ணா. பிரேக்குன்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு" என்றாள். எதிரே வண்டி வராதது வேறு அதிர்ஷ்டம். அறிக்கையில் அதிர்ஷ்டம் என்று எழுதினால் எங்கள் தொழிலில் சிரிப்பார்கள். நான் எழுதுவேன்.

ஓரங்கட்டிய இடம் மணல். ஜாக்கியை வைத்துத் தூக்கினால் வண்டி எழவில்லை, ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. ஸ்டெப்னியை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. போனில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது.

சாலையிலிருந்து முப்பதடியில் ஒரு மரம். குரல் செய்தி எண் ஆறு, கொஞ்சம் மூச்சிரைப்போடு: "அண்ணா, இது வன்னி மரம். எங்க ஊர்க் கோயில்ல சுத்தி வருவோமே, அதேதான். இங்க கேஜ்ரிங்கறாங்க." ராஜஸ்தானின் மாநில மரம் அது. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து நின்று 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள். நம் ஊரில் நாம் தலவிருட்சம் என்று சுற்றுச்சுவருக்குள் வைத்துக் கும்பிடுகிறோம், அவ்வளவுதான். அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே சீமைக்கருவேலம் புதராகக் கிடந்ததாம். "அதுவும் வந்துடுச்சு பாருங்க, ராம்நாடு மாதிரியே இருக்கு" என்று சிரிக்கிறாள் செய்தியில். டயர் வெடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை! ஆராய்ச்சிக்காரர்களை என்ன சொல்வது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் திட்டினேன். ஆறு லிட்டர் கொண்டுபோயிருக்கிறாள். ஆனால் ஒரு பாட்டில்தான் கையெட்டும் தூரத்தில். மீதியெல்லாம் டிக்கியில், புத்தகக் கட்டுக்கு அடியில். அந்த வெயிலில் அறுபது கிலோவை இறக்கிப் பார்த்தால்தான் தண்ணீர்.

திருச்செங்கோட்டு வண்டி

3.50க்கு வந்தது டிஎன் 34, திருச்செங்கோடு எண். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் அதன் பின்னால் துணை லாரியும். திருச்செங்கோட்டு ரிக் போகாத மாநிலம் இந்தியாவில் கிடையாது என்பது லாரித் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பாப் பக்கத்தில், அந்த நேரத்தில்! இதைக் கதையில் எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அவள் எனக்குக் குரல் செய்தி பதிவு செய்துகொண்டிருந்தபோதே டிரைவர் இறங்கி வந்திருக்கிறார். செய்தியின் கடைசியில் அவர் குரல் கேட்கிறது: "ஏனுங்க அம்மணி, தமிழா நீங்க? என்னுங்க ஆச்சு?"

லாரி டயருக்கு அண்டக் கொடுக்கும் மரக்கட்டையை ஜாக்கிக்கு அடியில் போட்டார்கள். ஸ்டெப்னியில் 12 பிஎஸ்ஐதான் இருந்தது. துளை போடும் கம்ப்ரஸரிலிருந்து காற்று பிடிப்பார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள்; அதிலிருந்து பிடித்தால் டயர் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். லாரியின் ஏர் பிரேக் டேங்கிலிருந்து ஒரு ஹோஸ் பைப் போட்டு நிரப்பினார்கள். நெடுந்தூர லாரிக்காரர்கள் இப்படி ஒரு பைப்பைக் கூடவே வைத்திருப்பார்கள்.

நட்டு முடுக்கும்போது நடந்த பேச்சை அவள் சொன்னபடியே தருகிறேன்.

"எந்த ஊருங்க அம்மணி?"

"முதுகுளத்தூர்ப் பக்கம்ண்ணா."

"அங்கயும் வந்து போர் போட்டிருக்கமுங்க. உப்புத் தண்ணிதான் வந்துச்சு. இங்க எதுக்குங்க வந்தீங்க?"

"ஜெய்சல்மேர்ல ஒரு மாநாடு. மழைத் தண்ணிய மேலயே தேக்கி வைக்கிறதப் பத்திப் பேசணும். ஊருணி, கண்மாய் மாதிரி."

"அப்ப எங்க பொழப்புல மண்ணுன்னு சொல்லுங்க!"

காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஊருணிப் புத்தகம் ஒன்று கொடுத்தாளாம். 4.25க்கு இவள் மேற்கே கிளம்பினாள்.

மீதி இருநூறு கிலோமீட்டரை அறுபதுக்கு மேல் போகாமல் ஓட்டி இரவு 9.15க்கு ஜெய்சல்மேர் சேர்ந்தாள். பலோதியில் நிறுத்தி ஸ்டெப்னி நட்டுகளை மறுபடி முடுக்கிக்கொண்டது நல்ல வேலை. பொக்ரான் தாண்டும்போது இருட்டிவிட்டது. 1974, 1998 என்று இரண்டு முறை அணுகுண்டு சோதனை நடந்த இடம். இரண்டாவது சோதனையில் முன்னால் நின்ற அப்துல் கலாம் அவள் மாவட்டத்துக்காரர். அதற்காகவே ஒரு படம் எடுத்தாள். கறுப்பாக இருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை.

டயர் சொன்னது

மேல் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள், நன்றாகவே இருந்தது. அளந்தேன்: 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். அதாவது மொட்டை டயர் இல்லை. ஆணியோ கல்லோ குத்திய துளையும் இல்லை. பள்ளத்தில் விழுந்து அடிபட்டிருந்தால் விளிம்பு நெளிந்து, டயருக்குள் இருக்கும் துணி அடுக்கில் ஒரே இடத்தில் வெட்டு விழுந்திருக்கும். ரிம் சுத்தமாக இருந்தது.

கிழிந்தது பக்கச்சுவர், கிட்டத்தட்ட முக்கால் வட்டம், ஜிப்பைத் திறந்த மாதிரி. உள்பக்கம் திருப்பினால், பக்கச்சுவரின் நடுவில் வளையமாக ஒரு தேய்ந்த பட்டை. உள் ரப்பர் அங்கே சுருங்கி, உதிர்ந்து மாவாகியிருந்தது. காற்றுக் குறைவாக ரொம்ப தூரம் ஓடிய டயரின் கையெழுத்து அது. அதிகக் காற்றில் வெடித்த டயரில் இந்த வளையமும் மாவும் இருக்காது.

காற்றுக் குறைந்தால் டயர் ஏன் சூடாகிறது? சாலையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் மடங்கி, மேலே போகும்போது நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைக்கும் இடம் சுடும் அல்லவா, அதேதான். காற்றுக் குறையக் குறைய மடிப்பு ஆழமாகும். அவள் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிகானேரிலிருந்து வெடித்த இடம் வரை அறுபதாயிரம் தடவைக்கு மேல் மடங்கி நிமிர்ந்திருக்கிறது, அதுவும் 43 டிகிரி வெயிலில், கொதிக்கும் தார் மேல்.

இனி கணக்கு. சீட்டில் போட்டிருக்கும் 33 என்பது குளிர்ந்த டயருக்கு. குளிர்ந்த டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற டயர், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடிய டயர். ஓடினால் சூடாகி நான்கைந்து பிஎஸ்ஐ ஏறும் என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியும். அதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணையே போட்டிருக்கிறான். காலையில் 28 வைத்தபோதே ஐந்து குறை. அத்தோடு விட்டிருந்தால்கூட ஜெய்சல்மேர் போய்ச் சேர்ந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். பிகானேரில் நடந்ததுதான் கொன்றது. சூடான டயரில் ஏறியிருந்த அழுத்தத்தை அதிகக் காற்று என்று நினைத்து இறக்கிவிட்டார்கள். 60 டிகிரி சூட்டில் 28 காட்டும் டயர், காலை 27 டிகிரிக்குத் திரும்பினால் 24தான் காட்டும். 33 இருக்க வேண்டிய இடத்தில் 24.

ஆனால் ஒரு இடம் இடித்தது. காலை 28, மதியம் 35. காலையில் வைத்த 28 இந்தச் சூட்டில் 33 ஆகலாம். 35 ஆக வேண்டுமென்றால் டயருக்குள் காற்று 75 டிகிரிக்கு மேல் போயிருக்க வேண்டும். மெதுவாக ஊருக்குள் வந்து நின்ற வண்டியில் அது ஒத்துவரவில்லை. பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

சரி, நான்கு டயரிலும்தானே காற்றை இறக்கினார்கள், ஏன் பின்பக்க இடது? முந்தின வருடம் இரண்டு புது டயர் வாங்கி முன்னால் போட்டுவிட்டு, பழையதைப் பின்னால் தள்ளியிருந்தாள். எல்லாக் கடையிலும் இதைத்தான் செய்கிறார்கள். டயர் கம்பெனிகள் சொல்வது நேர் எதிர்: புதிய ஜோடியைப் பின்னால் போடு, ஏனென்றால் பின்புறப் பிடிப்பு போனால் வண்டியைத் திருத்துவது கஷ்டம். வெடித்த டயரின் பக்கவாட்டில் தேதி எண் 2315. அதாவது 2015ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது, ஏறக்குறைய ஏழு வருடம். அதில் இரண்டு வருடம் கொரோனாவில் வெயிலில் ஒரே இடத்தில் நின்ற வண்டி. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள். போதாததற்கு, முனிர்காவில் அவள் எப்போதும் இடது பக்கத்தை நடைபாதைக் கல்லோடு உரசித்தான் நிறுத்துவாள். இடமிருந்தால்தானே தள்ளி நிறுத்த!

ஜோடியான வலது டயரையும் ஜெய்சல்மேரிலேயே கழற்றி எடுத்து வரச் சொல்லியிருந்தேன். அங்கே பின்னால் இரண்டும் புதிதாகப் போட்டுக்கொண்டாள். கழற்றிய வலது டயரின் உள்ளே அதே வளையம், கொஞ்சம் மங்கலாக. இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்கும் என்பது யாருக்குத் தெரியும். வயது டயரைத் தயார் செய்து வைத்தது, காற்றுக் குறைவு முடித்து வைத்தது. புத்தகப் பாரம் காரணமில்லை. பின் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்த கனம்தான் அது.

மாடி வீட்டு மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நான் முப்பது வருஷம் ஓட்டினேனே, ஒண்ணும் ஆகலையே?" என்றார். அம்பாசிடரில் அறுபதுக்கு மேல் போயிருக்க மாட்டீர்கள் மாமா என்றேன். கோபித்துக்கொண்டார்.

கேள்விக்குறி

மாநாட்டில் அவள் பேச்சு நன்றாகப் போயிற்று. இரண்டு கடீன்களையும் பார்த்துவிட்டாள். திரும்பும்போது பிகானேர் வழியாகத்தான் வருகிறாள் என்று தெரிந்து, ஜெய்சல்மேரிலேயே காற்றழுத்தம் அளக்கும் பாக்கெட் கேஜ் ஒன்று வாங்கி, அதே கடையில் நிறுத்தி அளக்கச் சொன்னேன். சண்டை போடாதே, அளந்துமட்டும் வா என்றேன்.

கடைக்காரப் பையன் தன் கேஜை வைத்தான்: 39. அதே டயரில், அதே நிமிடம், இவள் கேஜ்: 37. இன்னொரு டயரில் வைத்தார்கள். அங்கேயும் இரண்டு கூட.

ஆக, அன்று 35 என்று அவன் படித்தது உண்மையில் 33. என் கணக்கு இடித்த இடம் சரியாகிவிட்டது. ஆனால் 28 என்று நினைத்து நிறுத்தியபோது உள்ளே இருந்தது 26தான். குளிர்ந்த கணக்கில் 24கூட இல்லை, 22. மூன்றில் ஒரு பங்கு காற்று இல்லாமல் பாலைவனத்துக்குள் போயிருக்கிறாள்.

39ஐப் பார்த்ததும் பையனின் கை பழக்கத்தில் வால்வுக்குப் போயிருக்கிறது. இவள் தடுத்து, கதவுத் தூணில் இருந்த சீட்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். இரண்டு கேஜையும் இரண்டு கையில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்த பையன், இது எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டிருக்கிறான். அவனிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வாரம் கரோல்பாக் போய் அவளுக்கு வேறொன்று வாங்கினேன்.